கறுப்புப் பூ வெண்ணிலா ஆன கதை

கேள்வி இதுதான்: "சேலத்தில் ஒரு ஜூஸ் கடை போர்டில் 'வெண்ணிலா' என்று எழுதியிருக்கிறது. பக்கத்து பேக்கரியில் 'வெனிலா'. வீட்டில் இருக்கும் எசென்ஸ் பாட்டிலில் 'வனிலா'. இதில் எது சரி? நம் வெண்ணிலாதான் வெளிநாட்டுக்குப் போய் வெனிலா ஆனது என்கிறார்களே, உண்மையா? ஏற்காட்டில் இது விளையுமா? ஐஸ்கிரீமில் இருப்பது அசல்தானா?"

நான் சேலத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் மனைவியின் ஊர் ஏற்காட்டுப் பக்கம். மச்சினன் கொஞ்ச காலம் வெனிலா போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர். அதனால் இந்தக் கேள்வியில் சொல் பற்றியது, கொடி பற்றியது, பாட்டில் பற்றியது மூன்றுக்கும் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஏனென்றால் அதைத்தான் வாட்ஸ்அப்பில் யாராவது திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மை இல்லை. வெண்ணிலாவுக்கும் வெனிலாவுக்கும் ஓசையைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெண்மையும் நிலாவும் சேர்ந்தது நம் சொல். அது ஸ்பானிஷ் சொல். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு முகஜாடை ஒத்துப்போனால் கண்டக்டர் "ஒரே குடும்பமா?" என்று கேட்பாரே, அந்த மாதிரி.

அதற்காக ஜூஸ் கடைக்காரரிடம் போய் "போர்டைத் திருத்துங்க" என்று சொல்லவும் எனக்கு மனசு வராது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இந்தக் கொடியின் பிறந்த வீடு மெக்சிகோ. வளைகுடாக் கரையில் வெராகுரூஸ் பகுதியில் பாப்பாந்த்லா என்று ஓர் ஊர். அதைச் சுற்றி வாழும் தொத்தொனாக் மக்கள்தான் இந்தக் காயைப் பக்குவம் செய்யும் வித்தைக்குப் பேர் போனவர்கள். பிறகு அஸ்டெக்குகள் அவர்களை அடக்கி, காயைத் திறையாக வாங்கி, கொக்கோ பானத்தில் போட்டுக் குடித்தார்கள். அஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் இதற்குப் பெயர் த்லீல்ஷோச்சித்ல். வாய்க்குள் நுழையாது, பரவாயில்லை. முன்பாதி கறுப்பு மை. பின்பாதி பூ. கறுப்புப் பூ.

பூவைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பூ கறுப்பே இல்லை, மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த வெளிர் நிறம். காயும் பச்சைதான், பீன்ஸ் போலத் தொங்கும். அந்தப் பச்சைக் காயை மூக்கில் வைத்து இழுத்தாலும் ஒரு வாசனையும் வராது. பறித்து, வெந்நீரில் சில நிமிஷம் முக்கி எடுத்து, சூட்டோடு கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலில் காட்டி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைத்தால்தான் அது கறுத்துச் சுருங்கி, எண்ணெய்ப் பளபளப்போடு மணக்க ஆரம்பிக்கும். ஆக, கறுப்பு என்று பெயர் வைத்தவர்கள் கொடியில் பூத்திருந்ததைப் பார்த்து வைக்கவில்லை. பக்குவமாகிக் கைக்கு வந்த பொருளை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த ஸ்பானியர்கள் கண்ணுக்குப் பட்டது வடிவம். அவர்கள் மொழியில் வாளின் உறைக்கு வைனா. அவரை, பட்டாணி நெற்றுக்கும் அதே வைனாதான். நாம் உறை வேறு, நெற்று வேறு என்று பிரித்துச் சொல்கிறோம். அவர்களுக்கு எதையாவது உள்ளே வைத்து மூடிய நீளமான பை எல்லாம் ஒன்று. அதோடு சின்னது, குட்டி என்று பொருள் தரும் விகுதியைச் சேர்த்தால் வைனிய்யா. குட்டி நெற்று. அவ்வளவுதான் வெனிலாவின் முழு அர்த்தம். மணத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்த வைனாவுக்கும் முந்தியது லத்தீனில் உறையைக் குறித்த வஜைனா. உடற்கூறு எழுதிய மருத்துவர்கள் பின்னாளில் அதே சொல்லைப் பெண்ணுறுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சு ஒரு வாரம் சிரிக்கும். அதனால் சொன்னதில்லை.

அங்கிருந்து சொல் கப்பல் ஏறியது. போன இடத்தில் எல்லாம் அந்தந்த ஊர் நாக்குக்குத் தகுந்த மாதிரி வளைந்தது. பிரெஞ்சில் வனீய். போர்ச்சுகீசியத்தில் பவுனில்யா. அரபியில் கீழுதட்டைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஆங்கில 'v' ஓசை இல்லாததால் ஃபனீல்யா. ஜப்பானியர் வாயில் பனிரா. தஹிதித் தீவுக்காரர்களுக்கு 'ல' கிடையாது, அவர்களுக்கு வனிரா. மடகாஸ்கரில் பிரெஞ்சுக்காரன் பெயருக்கு முன்னால் ஒட்டும் 'லா'வையும் சேர்த்து விழுங்கி லவனிலா என்றார்கள். சீனர்கள் ஓசையை விட்டுவிட்டு ஷியாங்சாவ் என்றார்கள், மணக்கும் புல் என்று அர்த்தம். புல் இல்லை, ஆர்க்கிட் கொடி. ஆனால் நான் மேலே எழுதிய இத்தனை பேரில் மூக்கை நம்பிப் பெயர் வைத்தது அவர்கள் மட்டும்தான்.

நமக்கு இது போர்ச்சுகீசியர் வழியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். கொய்யாவும் அன்னாசியும் அப்படி வந்தவைதான். அமெரிக்கச் செடிகள், போர்ச்சுகீசிய வாய் வழியாகத் தமிழுக்குள் நுழைந்தன. அந்தக் கப்பலில் இதுவும் இருந்திருந்தால் இன்று ஐந்து ரோட்டில் நின்று "ஒரு பவுனிலா கப் குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்போம். அப்படி நடக்கவில்லை. கஸ்டர்ட் பவுடர் டப்பா, எசென்ஸ் பாட்டில், ஐஸ்கிரீம் என்று ஆங்கிலப் பெயர் ஒட்டிய பொருளாகத்தான் இது நம் வீட்டுக்குள் வந்தது.

அந்த ஆங்கில உச்சரிப்பில்தான் போர்டுக் குழப்பத்தின் வேர். அதில் அழுத்தம் நடுவில் விழும். முதல் எழுத்து அரைகுறையாக, அகரமும் இல்லாமல் எகரமும் இல்லாமல் ஒலிக்கும். தமிழில் அப்படி ஓர் அரை உயிர் எழுத்து கிடையாது. எழுத்தை வைத்துப் போனவர்கள் 'வ' என்றார்கள், காதை வைத்துப் போனவர்கள் 'வெ' என்றார்கள். 'வெ' என்று தொடங்கி 'நிலா' போல முடியும் ஒரு சொல் ஏற்கெனவே நம் மனதுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெயின்டர் தூரிகையை எடுக்கும்போதே அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். போதாததற்குப் பொருளும் வெள்ளை. கரண்டியால் சுரண்டி எடுத்து கப்பில் வைத்தால் உருண்டை. பௌர்ணமி நிலாவை வேறு எப்படி வரைவது? பெயின்டர் மேல் என்ன தப்பு இருக்கிறது?

தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா மொழியும் செய்கிற வேலை. சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூ என்ற பொருளில் இத்தாலியர்கள் ஜிராசோலே என்றதை ஆங்கிலேயர்கள் காதில் வாங்கி ஜெருசலேம் ஆக்கி, ஒரு கிழங்குக்கே புனித நகரத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊர் ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால் ஜவ்வரிசி என்பார்கள். சவ்வரிசி என்று எழுதுபவர்களைக் கேட்டால், வெந்ததும் சவ்வு மாதிரி ஆகிறதே, அதனால்தான் என்பார்கள். இரண்டும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. அது அரிசியும் இல்லை, சேலத்து ஜவ்வரிசிக்கும் ஜாவாவுக்கும் இன்று சம்பந்தமும் இல்லை. மரவள்ளிக் கிழங்கு மாவு. அந்த மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது.

இந்தப் பெயர்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இது. ஒவ்வொருவரும் இந்தப் பொருளை எந்தக் கட்டத்தில் சந்தித்தார்களோ, அந்தக் கட்டத்தைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். அஸ்டெக்குகள் பக்குவமான கறுப்புக் காயை வாங்கியவர்கள், அதனால் கறுப்பு. ஸ்பானியர்கள் கட்டுக் கட்டாகக் கப்பலில் ஏற்றியவர்கள், அதனால் நெற்று. நாம் காயையும் பார்க்கவில்லை, கொடியையும் பார்க்கவில்லை. பாலில் கரைந்து, உறைந்து, கப்பில் வந்த பிறகுதான் பார்த்தோம். அதனால் வெண்ணிலா. கறுப்பில் தொடங்கிய பெயர் வெள்ளையில் வந்து முடிந்ததற்குக் காரணம் வழியில் ஐஸ்கிரீம் குறுக்கிட்டதுதான். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் தன் கைப்பட எழுதிவைத்த வெனிலா ஐஸ்கிரீம் செய்முறை அவர்கள் நாட்டு நூலகத்தில் இன்றும் இருக்கிறது. பாலும் வெனிலாவும் ஒன்றாகக் கலந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நமக்கு வந்தபோது இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஆக, எது சரி? கட்டுரை, பாடப்புத்தகம், லேபிள் என்றால் 'வெனிலா' அல்லது 'வனிலா' எழுதுங்கள். நான் வெனிலா பக்கம், சொல்லும்போது அப்படித்தான் வாயில் வருகிறது. கடை போர்டில் வெண்ணிலா இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். விசேஷம் ஒன்றும் இல்லாத, கூடுதலாக எதுவும் சேர்க்காத பொருளை வெனிலா என்பார்கள். ஐடியில் இருக்கும் என் மாணவன் ஒருவன் "சார், அது வெனிலா வெர்ஷன்தான்" என்று போனில் சொன்னபோது முதலில் எனக்குப் புரியவில்லை. நாம் அந்த இடத்தில் 'சாதா' என்போம். சாதா தோசை, சாதா டிக்கெட். கடைக்குப் போனால் எந்த ஐஸ்கிரீம் என்று சொல்லாதவனுக்கு வெள்ளையைத்தான் கொடுப்பார்கள், அதிலிருந்து வந்த பொருள் அது. குங்குமப்பூவுக்கு அடுத்து உலகிலேயே விலை கூடிய வாசனைப் பொருளின் பெயர் 'சாதா' என்று ஆனதை என்னவென்று சொல்வது. 2018 வாக்கில் பக்குவப்பட்ட காய் கிலோ 600 டாலரை ஒட்டிப் போனது. அப்போது எடைக்கு எடை வெள்ளியை விட விலை அதிகம். கொலுசுப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப காலுக்கு வெனிலாவே கட்டிக்கலாமுங்க" என்றார்.

விலை என்றதும் மலைக்குப் போகவேண்டியதுதான்.

ஏற்காட்டில் விளையுமா என்றால், விளையும், ஆனால் ஏற்காடு ஊரில் அல்ல. ஊர் கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் வாக்கில் இருக்கிறது. வெனிலாவுக்கு வெக்கையும் ஈரமும் சேர்ந்து வேண்டும். ஆயிரம் மீட்டருக்குக் கீழேதான் அதற்குச் சுகம். மார்கழிப் பனியில் ஏரிக்கரையில் நாமே நடுங்குகிறோம், அது என்ன செய்யும்? மலையின் கீழ்ச் சரிவுகளில், காபிக்கும் மிளகுக்கும் நடுவில், நிழல் பார்த்து வைத்தால் வரும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து வைத்த மலை இது. ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் வெளியிலிருந்து வந்து குடியேறியவைதான். அந்தப் பட்டர் ஃப்ரூட்டும் மெக்சிகோக்காரர்தான், நாவாட்லில் அஹுவாகாத்ல். நாம் அந்தப் பெயரை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட்டு, வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று புதுப் பெயர் வைத்துவிட்டோம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வெனிலா ஆர்க்கிட் குடும்பம் என்றேன் இல்லையா, அந்தக் குடும்பம் இந்த மலைக்குப் புதிதல்ல. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பண்ணை ஏற்காட்டிலேயே இருக்கிறது. வெனிலா இனத்திலேயே இலை இல்லாத ஒரு காட்டுக் கொடி, வனில்லா வாக்கேரியே என்பது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தானாக வளர்வது. வெள்ளைப் பூ பூக்கும். சமையலுக்கு வாங்குகிற காய் அதிலிருந்து வருவதில்லை. மெக்சிகோ கொடியான வனில்லா பிளானிஃபோலியாதான் வியாபாரத்துக்கு.

என் மச்சினன் கொடி வைத்தது 2002இல், குப்பனூர்ப் பக்கம் இறங்கும் சரிவில். அப்போது மடகாஸ்கரில் 2000ஆம் வருஷப் புயலில் தோட்டங்கள் அழிந்து, உலகம் முழுக்கக் காய்க்குத் தட்டுப்பாடு. கேரளம், கர்நாடகம், நம் மலைகள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. 2003இல் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. கணுக்கணுவாக வெட்டிய கொடித் துண்டுக்குக்கூட விலை. தோட்டத்தில் ராத்திரி காவல் படுத்தார்கள். "மாமா, ஒரு ஏக்கர் போதும், பொண்ணு கல்யாணம் முடிஞ்சிரும்" என்றார் மச்சினன். விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி பேப்பரில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது. கல்யாண முருங்கையும் கிளைரிசிடியாவும் நட்டு, அதில் கொடியை ஏற்றி, தென்னை மட்டையும் இலைச் சருகும் போட்டு வளர்த்தார். மூன்றாவது வருஷம் பூத்தது.

அந்தத் தை மாதம் நான் போயிருந்தேன். வெனிலாப் பூ ஒரு காலைக்குத்தான். விடியும்போது விரியும், மத்தியானத்துக்குள் சோர்ந்துவிடும். ஒரு கொத்தில் பதினைந்து இருபது மொட்டு இருந்தாலும் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் திறக்கும். பூவுக்குள் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு இருக்கிறது, நாக்கு மாதிரி. மெக்சிகோவில் அதைத் தாண்ட அங்குள்ள சில தேனீக்களுக்குத் தெரியும். நம் ஊர்த் தேனீக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பூவையும் கையில் பிடித்து, ஈர்க்குச்சியால் அந்தத் தடுப்பைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டவைக்க வேண்டும். பக்கத்து மலையாளி ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அதைச் செய்தார்கள். சேர்வராயன் மலைப் பழங்குடியான மலையாளி மக்களைச் சொல்கிறேன், கேரளத்தவரை அல்ல. ஒரு பூவுக்கு நாலைந்து நொடிகூட ஆகவில்லை. நான் முயன்று மூன்று பூவைப் பிய்த்தேன். "வாத்தியாருக்கு வேண்டாங்க" என்று குச்சியை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் குச்சி வித்தையைக் கண்டுபிடித்தது ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். இந்துமாக்கடலில் ரெயூனியன் தீவு, அன்று அதன் பெயர் பூர்போன். பிரெஞ்சுக்காரர்கள் மெக்சிகோக் கொடியைக் கொண்டுவந்து நட்டுப் பல வருஷம் ஆகியும் காய்க்கவில்லை. 1836இல் பெல்ஜியத்தில் மோரன் என்ற தாவரவியலாளர் கண்ணாடி வீட்டுக்குள் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் அது தோட்டத்துக்கு வரவில்லை. 1841இல் எட்மண்ட் என்ற அடிமைச் சிறுவன், தன் எஜமானரின் தோட்டத்தில், குச்சியும் கட்டைவிரலும் வைத்துச் செய்து காட்டினான். எஜமானர் அவனைத் தோட்டம் தோட்டமாக அனுப்பிச் சொல்லிக்கொடுக்க வைத்தார். இன்றைக்கு மடகாஸ்கரிலும் இந்தோனேசியாவிலும் நம் சரிவிலும் செய்வது அவன் முறைதான். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையானவனுக்குக் குடும்பப் பெயர் ஒன்று வேண்டியிருந்தது. கொடுத்தது அல்பியஸ். லத்தீனில் அல்பஸ் என்றால் வெள்ளை. கறுப்பினப் பையனுக்கு வெள்ளை என்று பெயர். இந்தக் கதையில் கறுப்பும் வெள்ளையும் விட்டுத்தொலைவதே இல்லை. உலகத்துக்கு ஒரு தொழிலையே கொடுத்தவர் 1880இல் ஏழையாகச் செத்தார்.

அந்த விடுதலைக்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் பிரெஞ்சுக்காரர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும். ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் ரெயூனியனில் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். காய்க்குச் சந்தையில் 'பூர்போன் வெனிலா' என்று இன்றும் ஒரு பெயர் ஓடுகிறது, அந்தப் பழைய தீவுப் பெயர்தான்.

மச்சினன் கதைக்கு வருகிறேன். மகரந்தம் சேர்த்த பிறகு காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். அதற்குள் மடகாஸ்கர் எழுந்துவிட்டது, புதிதாக நட்ட நாடுகளும் காய்க்க ஆரம்பித்தன. விலை ஏறியிருந்த காலத்தில் ஐஸ்கிரீம் கம்பெனிகள் செயற்கை வாசனைக்கு மாறியிருந்தன. பச்சைக் காய் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. கையெழுத்துப் போட்ட கம்பெனி போனை எடுக்கவில்லை. ஐந்தாறு கிலோ பச்சைக் காயைப் பக்குவம் செய்தால் ஒரு கிலோ வரும், நாமே செய்து வைத்து விற்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவரும் செய்து பார்த்தார். பாதி பூசணம் பிடித்தது. ஐப்பசி மழையில் வெயிலுக்கு எங்கே போவது? கொடியை வெட்டிவிட்டு மிளகு ஏற்றினார். இப்போது மிளகுதான் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

கடைசிக் கேள்வி, ஐஸ்கிரீமில் இருப்பது அசலா?

பெரும்பாலும் இல்லை. பக்குவப்பட்ட காயில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு வெனிலின் என்ற பொருள் இருக்கிறது. பச்சைக் காயில் அது சர்க்கரையோடு கட்டுண்டு மணமில்லாமல் கிடக்கும். வெந்நீரும் வியர்வையும் காயின் திசுக்களை உடைக்க, உள்ளிருக்கும் நொதி அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். பக்குவம் என்பதன் வேதியியல் இவ்வளவுதான். 1858இல் பிரான்சில் கோப்லே இதைப் பிரித்தெடுத்தார். 1874இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் பைன் மரச் சாற்றிலிருந்து கிடைத்த கோனிஃபெரினை வைத்து இதைச் செய்துவிட்டார்கள். பிறகு கிராம்பு எண்ணெயிலிருந்து, காகித ஆலைக் கழிவிலிருந்து எல்லாம் எடுத்தார்கள். இன்று உலகத்தில் செலவாகும் வெனிலினில் மிகப் பெரும்பங்கு பெட்ரோலியத்திலிருந்து வரும் குவையகோல் என்ற பொருளில் செய்தது. மூலக்கூறு அதேதான், ஓர் அணுகூட மாறாது. "பெட்ரோலைத் தின்கிறோமா?" என்று பதற வேண்டாம்.

மரத்திலிருந்து வெனிலின் வருவது ஏன் என்றால், மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் உடைந்தால் வருவதில் இதுவும் ஒன்று. பழைய புத்தகத்தைப் பிரித்தால் மெல்லிய இனிப்பு வாசம் ஒன்று வருமே, அதில் வெனிலினுக்கும் பங்கு உண்டு.

அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் எங்கே என்றால், காயில் வெனிலினோடு நூற்றுக்கணக்கான வேறு மணப்பொருள்களும் துளித் துளியாக இருக்கின்றன. புகை, உலர்ந்த திராட்சை, தோல் போன்ற சாயல் எல்லாம் அதனால்தான். எசென்ஸ் பாட்டிலில் வெனிலின் மட்டும், சில சமயம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு காரமான 'எத்தில் வெனிலின்' என்ற பொருள். தனி நாயனமும் முழு மேளக் கச்சேரியும் மாதிரி. ஆனால் கேக் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுப்புச் சூட்டில் அந்தத் துளித் துளியானவை முக்கால்வாசி பறந்துவிடும். கேக்குக்கும் பிஸ்கெட்டுக்கும் சாதா எசென்ஸ் போதும், காசை வீணாக்காதீர்கள். அடுப்பில் அதிகம் கொதிக்காத கஸ்டர்ட், வீட்டு ஐஸ்கிரீம், பால்கோவா மாதிரியானவற்றில்தான் அசல் காய் தெரியும். ஐஸ்கிரீமில் கறுப்புப் புள்ளி இருந்தால் அசல் என்று நம்பவும் வேண்டாம். சாறு எடுத்துச் சக்கையான காயின் விதையைத் தூவுவதும் உண்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த வெனிலினுக்கு நம் மலையில் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: நன்னாரி. நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளிலும், வெனிலினிலும் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். எண்ணிக்கை அச்சு அசல் ஒன்று. ஆறு மூலை கொண்ட ஒரு கார்பன் வளையத்தில் மூன்று கிளைகள் ஒட்டியிருக்கும். வெனிலினில் முதல் மூலை, மூன்றாவது, நான்காவது. நன்னாரியில் முதலாவது, இரண்டாவது, நான்காவது. கல்யாணப் பந்தியில் அதே மூன்று பேர் இலை மாறி உட்கார்ந்த மாதிரி. மூக்கு இரண்டையும் வேறு வேறு என்று கண்டுபிடித்துவிடும், ஆனால் சாயலை மறைக்க முடியாது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறை இடுக்குகளில் தோண்டி எடுக்கும் மாகாளிக்கிழங்கிலும் இருப்பது இந்த நன்னாரி மணப்பொருள்தான். மோரில் ஊறிய மாகாளி ஊறுகாயை முதல்முறை முகர்ந்தவர்கள் மூட்டைப்பூச்சி வாசம் என்று ஓடுவார்கள். நான் அதில் வெனிலாவைத்தான் முகர்கிறேன். வீட்டில் இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. நீங்களே கோடையில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நன்னாரி சர்பத் ஒரு கிளாஸ் வாங்கி, கையோடு ஒரு வெனிலா கப்பும் வாங்கி, மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள்.

மச்சினன் வெட்டாமல் விட்ட ஒரே ஒரு கொடி வீட்டுக்குப் பின்னால் கல்யாண முருங்கையில் இன்னும் இருக்கிறது. போன வருஷம் அவரே ஈர்க்குச்சியால் ஏழு பூவுக்கு மகரந்தம் வைத்து, நாலு காய் பிடித்து, அடுப்பு மேல் பரணில் வைத்துப் பக்குவம் செய்து, இரண்டைத் தினத்தாளில் சுற்றி எனக்குக் கொடுத்தனுப்பினார். பிரித்தபோது வீடே மணந்தது. ஒன்றைச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தேன். அன்று ஜவ்வரிசிப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைக் கீறிப் போடட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஏலக்காய் தட்டி வெச்சிருக்கேன், அதைப் போடுங்க" என்றார்.